பாதுகாப்பு கொஞ்சம் ஜாஸ்தி

ஏப்ரல் 25, அக்டோபர் 25. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை பக்கம் தோல் கணக்கு எழுதிப் பிழைக்கிறவர்களிடம் இந்த இரண்டு தேதிகளையும் சொல்லிப் பாருங்கள். கை தானாக நெற்றிக்குப் போகும். ஐ.டி.சி.-04 என்ற ஜி.எஸ்.டி. படிவத்துக்கு அன்றுதான் கெடு. ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு இரண்டு முறை, தாண்டாதவர்களுக்கு ஏப்ரலில் ஒரு முறை. 2021 அக்டோபருக்கு முன்னால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கேட்டுக்கொண்டிருந்தார்கள். குறைத்ததற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். சொல்லிவிடுவோம். நன்றி.

அந்தப் படிவம் கேட்பது ஒரே கேள்விதான். உன் சரக்கை வேலைக்கு யாரிடம் அனுப்பினாய், எப்போது திரும்பி வந்தது? கேட்கிறவருக்கு ஒரு வரி. பதில் சொல்ல வேண்டிய ஊருக்கு அது ஸ்தல புராணம். இங்கே ஒரு தோல் ஒரே கூரையின் கீழ் வளர்ந்து ஷூவாகிக் கப்பல் ஏறுவதில்லை. வெட் புளூவாக, அதாவது பதனிட்ட ஈரத் தோலாக, இருக்கும்போதே ஊர் சுற்றக் கிளம்பிவிடும். ஸ்பிளிட்டிங் மெஷின் ஒருத்தரிடம், ஷேவிங் இன்னொருத்தரிடம். காய்ந்து கிரஸ்ட் ஆன பிறகு டாகிளிங் ஓரிடம், பஃபிங் ஓரிடம், ஸ்ப்ரே ஓரிடம், சதுர அடி அளக்க ஓரிடம். கட்டிங் முடிந்ததும் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்க வேறு யூனிட். ஒவ்வொரு தடவை வண்டி ஏறும்போதும் ஒரு டெலிவரி சலான். ஓராண்டுக்குள் சரக்கு திரும்பவில்லையென்றால், அனுப்பிய அன்றே விற்றுவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

அப்பர் யூனிட்டிலிருந்து சில வேலை இன்னும் கீழே இறங்கி, வீட்டு வாசலில் உட்கார்ந்து ஜோடிக்கு இத்தனை ரூபாய் என்று தைக்கிற பெண்களிடம் போகிறது. அவர்களுக்கு ஏது ஜி.எஸ்.டி. எண்? படிவம் அதற்கும் வழி வைத்திருக்கிறது. எண் இல்லாதவரானால் அவர் எந்த மாநிலம் என்று மட்டும் சொன்னால் போதும். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், விரலில் ஊசி ஏறிய கணக்கு வேண்டாம். தமிழ்நாடு. முடிந்தது.

இந்தச் சலான்கள் கணக்கு மேஜைக்கு வந்து சேரும் கோலத்தைப் பார்க்க வேண்டும். ஒன்றில் ஷெட்டின் ஈரம், ஒன்றில் சாயம், ஒன்றில் பிரியாணிக் கடை எண்ணெய். எழுத்து யாருடையது என்று எழுதியவருக்கே சந்தேகம். இத்தனையும் வரிசை வரிசையாகக் கணினியில் ஏற வேண்டும். ‘இழப்பும் கழிவும்’ என்றே ஒரு கட்டம் உண்டு. ஷேவிங்கில் போன எடையைப் போடுவதற்காக வைத்தது. ஏற்றுகிற பெண்ணின் ஞாயிற்றுக்கிழமைகளைப் போட அங்கே இடம் விடவில்லை.

இதை நிரப்புவதற்கு அரசாங்கம் ஒரு எக்செல் கோப்பு தருகிறது. இலவசம். போர்ட்டலிலிருந்து இறக்கிக்கொள்ளலாம். கோப்பு இலவசம்தான், அதைத் திறப்பதற்கு விண்டோஸ் வேண்டும், மைக்ரோசாஃப்ட் எக்செல் வேண்டும். என் தோல் பஃபிங்குக்குப் போயிருக்கிறது என்று இந்திய அரசுக்குத் தெரிவிக்க ஓர் அமெரிக்கக் கம்பெனியிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். வாங்க முடியாதவர் என்ன செய்கிறார் என்பது ஊரறிந்த ரகசியம். அந்தத் திருட்டு நகலில் என்னென்ன குடியிருக்கும் என்பதும் அப்படித்தான். இதே தமிழ்நாட்டில் 2007 வாக்கில், அரசின் எல்காட் நிறுவனத்தை உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நடத்தியபோது, அரசுக் கணினிகளில் சூசே லினக்ஸும் ஓப்பன் ஆபீஸும் ஏற்றினார்கள் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

சரி, கோப்புக்குள் பட்டன்கள் இருக்கின்றன. சரிபார்க்க ஒன்று, போர்ட்டலில் ஏற்றுவதற்கான ஜேசான் கோப்பை உருவாக்க ஒன்று. பட்டனை அழுத்தினால் வேலை செய்வது மேக்ரோ, அதாவது கோப்பின் வயிற்றுக்குள் இருக்கும் சின்ன நிரல். ஆண்டுக் கணக்கான ஜி.எஸ்.டி.ஆர்.-9 கோப்புக்கும் இதே ஏற்பாடு. வருமான வரித்துறை வருஷா வருஷம் வெளியிட்ட ஐ.டி.ஆர். எக்செல் கோப்புகளுக்கும் இதே ஏற்பாடு.

மேக்ரோவின் ஜாதகத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். கடிதம் அடிக்கிற வேர்ட் கோப்புக்கும் கணக்குப் போடுகிற எக்செல் கோப்புக்கும், திறந்த மாத்திரத்தில் எழுந்து உங்கள் கணினியில் வேறு வேலையும் பார்க்கும் சாமர்த்தியத்தைக் கொடுத்தது மைக்ரோசாஃப்ட். 1995இல் ‘கான்செப்ட்’ என்ற முதல் வேர்ட் மேக்ரோ வைரஸ் பரவியது. அதை மைக்ரோசாஃப்டே தெரியாத்தனமாக ஒரு சி.டி.யில் போட்டு அனுப்பியது தனிக் கூத்து. 1999 மார்ச்சில் ‘மெலிசா’ வந்தது. வேர்ட் கோப்பைத் திறந்தால் போதும், உங்கள் முகவரிப் புத்தகத்தில் முதல் 50 பேருக்குத் தன்னைத்தானே அனுப்பிக்கொள்ளும். பெரிய பெரிய கம்பெனிகளின் மெயில் சர்வர்கள் படுத்துவிட்டன. அதற்குப் பிறகுதான் மேக்ரோவை உள்ளே பூட்டிவைத்து, மேலே மஞ்சள் பட்டையில் “திறக்கட்டுமா?” என்று கேட்கும் வழக்கம் நிலைத்தது. கேட்டால் யார் வேண்டாம் என்பார்கள்? வேலை நடக்கணுமே. ஊரே அழுத்தியது. திருடர்கள் இருபது வருஷம் சௌகரியமாக வாழ்ந்தார்கள்.

2022 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட்டுக்கு ஞானம் வந்தது. இணையத்திலிருந்து இறங்கிய கோப்பில் மேக்ரோ இருந்தால் இனிமேல் கேட்பதே இல்லை, தடுத்துவிடுவோம் என்று அறிவித்தார்கள். ஜூலை தொடக்கத்தில் சத்தமில்லாமல் பின்வாங்கி, திட்டு வாங்கி, அந்த மாதம் முடிவதற்குள் மறுபடி அமலுக்குக் கொண்டுவந்தார்கள். இணையத்திலிருந்து எது இறங்கினாலும் விண்டோஸ் அதன் முதுகில் கண்ணுக்குத் தெரியாத ஒரு முத்திரை குத்துகிறது. முத்திரை இருந்தால் மஞ்சளுக்குப் பதில் சிவப்புப் பட்டை. சிவப்பில் ‘எனேபிள் கன்டென்ட்’ பட்டனே கிடையாது. ‘மேலும் அறிக’ என்று மட்டும் இருக்கும். கெடு நாள் இரவு பதினொரு மணிக்கு மேலும் அறிய யாருக்கு நேரம்?

ஆம்பூரில் ஏதோ ஓர் ஆடிட்டர் ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆபீஸ் என்று தேட வேண்டாம், எல்லாம் ஒன்றுதான். பத்து மெஷின் போட்டு அப்பர் தைக்கிற பாய் எதிரே நாற்காலியில்.

“இன்னாம்மா, முடிஞ்சுதா?”

“இல்ல பாய். பட்டன அமுக்குனா ஒண்ணும் நடக்கல. மேல செவப்பா ஒரு பட்டை வந்து நிக்குது.”

“இன்னா எழுதிக்குது அதுல?”

“இந்த ஃபைல் எங்கேர்ந்து வந்துச்சோ, நம்ப முடியாதுன்னு மைக்ரோசாஃப்ட் தடுத்துட்டாங்களாம்.”

“கவர்மெண்டு ஃபைலையா?”

“ஆமா பாய்.”

“அப்ப அவனுக்கும் தெரிஞ்சுபோச்சு.”

சிரித்து முடித்ததும் பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பையனுக்குப் போன் போகிறது. அவன் வருகிறான், பார்க்கிறான், டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்குகிறான். “அக்கா, உங்க சிஸ்டத்துல பாதுகாப்பு கொஞ்சம் ஜாஸ்தியா கீது. கொறச்சு வெச்சுட்றேன்.”

குறைப்பதற்கு இரண்டு படி. அந்தக் கோப்பை மட்டும் ரைட் கிளிக் செய்து, ப்ராபர்ட்டீஸில் போய், ‘அன்பிளாக்’ என்ற சின்னக் கட்டத்தில் டிக் அடித்தால் சிவப்புப் பட்டை போய் மஞ்சள் வரும். அத்தோடு விட்டால் மஞ்சள் பட்டைக்கும் அக்கா போன் செய்ய வேண்டும், அவனும் வர வேண்டும். அதனால் அவன் மொத்தமாக முடித்துவிடுகிறான். டிரஸ்ட் சென்டர், மேக்ரோ செட்டிங்ஸ், ‘எனேபிள் ஆல் மேக்ரோஸ்’. அந்த வரியின் பக்கத்திலேயே, இது உகந்ததல்ல, ஆபத்தான நிரல்கள் ஓடக்கூடும் என்று மைக்ரோசாஃப்ட் எழுதி வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில். போனஸாக இன்னொரு வித்தையும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிறான். முத்திரை குத்திய கோப்பைப் பழைய பென் டிரைவில் போட்டுத் திரும்ப எடுத்தால் முத்திரை உதிர்ந்துவிடும். அதுவும் உண்மை. ஃபேட்32 வகைப் பென் டிரைவில் அந்த முத்திரை ஒட்டாது. திருடர்களுக்கும் இதெல்லாம் அத்துப்படி. 2022இலேயே வைரஸை ஐ.எஸ்.ஓ. என்ற வட்டு நகல் கோப்புக்குள் வைத்து அனுப்ப ஆரம்பித்தார்கள். அது அடைபட்டதும் 2023 தொடக்கத்தில் மைக்ரோசாஃப்டின் ஒன்நோட் கோப்புகளுக்குத் தாவினார்கள். சிவப்புப் பட்டையில் முட்டிக்கொண்டு நின்றது வரி கட்ட வந்தவர் மட்டும்.

பையனைத் திட்டலாமா? கூடாது. அவன் அரசாங்கம் சொன்னதைத்தான் செய்தான். வருமான வரித்துறையின் எக்செல் கோப்புகளுக்குள்ளேயே வழிகாட்டி எழுதியிருந்தது. எக்செல் ஆப்ஷன்ஸ் போ, டிரஸ்ட் சென்டர் போ, மேக்ரோ செட்டிங்ஸ் போ, ‘எனேபிள் ஆல் மேக்ரோஸ்’ கொடு. இந்த ஒரு கோப்புக்கு மட்டும் திற என்று அது சொல்லவில்லை. இனிமேல் எவன் அனுப்பினாலும், எந்தக் கோப்பானாலும், கேள்வி கேட்காமல் ஓடவிடு என்று சொன்னது. ரிட்டர்ன் போட்ட பிறகு பழையபடி மாற்றிவிடு என்ற ஒரு வரியை நான் அதில் கண்டதில்லை. வேலை முடிந்தது, ரசீது வந்தது, வாசல் திறந்தே கிடக்கிறது, அடுத்த வருஷம் வரைக்கும்.

திறந்து கிடக்கும் வாசலுக்கு இந்த ஊரில் யார் யார் வருவார்கள்? தோல் ஆபீஸுக்கு வரும் மெயிலைப் பாருங்கள். ஜெர்மனியிலிருந்து பர்ச்சேஸ் ஆர்டர், இத்தாலியிலிருந்து பேக்கிங் லிஸ்ட் திருத்தம், ஷிப்பிங் பில் நகல், பேங்க் அட்வைஸ். லேப் ரிப்போர்ட் வேறு. தோலில் குரோமியம்-6 கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொட்டால் சரக்கை உள்ளே விடமாட்டோம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் சொல்லிவிட்டதால், அந்த மெயில் வந்தால் மேனேஜர் சாப்பாட்டிலிருந்து எழுந்து ஓடி வருவார். முன்பின் தெரியாத வெளிநாட்டுப் பெயரிலிருந்து இணைப்போடு வரும் கடிதம்தான் இந்த ஊரின் சோறு. தெரியாதவர் அனுப்பிய கோப்பைத் திறக்காதே என்று புத்தி சொல்லும் நிபுணர், ஏற்றுமதி வியாபாரம் என்ற ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை போலிருக்கிறது.

அந்தக் கூட்டத்தோடு கூட்டமாகத்தான் ‘எமோடெட்’ மாதிரியான வைரஸ் சரக்குகள் வந்தன. இன்வாய்ஸ் என்று பெயர், பேமென்ட் அட்வைஸ் என்று பெயர். சில சமயம் நீங்கள் ஏற்கனவே எழுதிய மெயிலுக்கே பதில் போலவும் வரும். வேர்ட் கோப்பைத் திறந்தால் உள்ளே அழகான ஒரு படம்: இந்த ஆவணம் பாதுகாக்கப்பட்டிருக்கிறது, பார்ப்பதற்கு ‘எனேபிள் எடிட்டிங்’ அழுத்தவும், பிறகு ‘எனேபிள் கன்டென்ட்’ அழுத்தவும். அரசாங்கத்தின் ஜி.எஸ்.டி. வழிகாட்டியையும் திருடனின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே இரண்டு பட்டனைத்தான் சொல்கின்றன, அதே வரிசையில். ஒரு வித்தியாசம் உண்டு. திருடனுடையது எழுத்துப் பிழை குறைவாக, ஒரே பக்கத்தில் முடிந்துவிடும். 2021 ஜனவரியில் ஐரோப்பியப் போலீஸும் அமெரிக்கப் போலீஸும் சேர்ந்து எமோடெட்டைப் பிடித்துக் கவிழ்த்தன. நவம்பரில் திரும்பி வந்துவிட்டது. வராமல் என்ன? ‘எனேபிள்’ என்று எழுதியிருந்தால் அழுத்துவது குடிமகனின் கடமை என்று பாடம் நடத்தி, தவறினால் தண்டம் போட்டு, ஒரு நாட்டின் கணக்கர்களையே தயார் செய்து வைத்திருக்கிறோமே.

இதே அரசாங்கத்தில் செர்ட்-இன் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. கணினிப் பாதுகாப்புக்கென்றே 2004 முதல் நடக்கிறது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வரும்போதெல்லாம் அறிக்கை விடும். மேக்ரோவை முடக்கி வையுங்கள், தெரியாத கோப்பில் மேக்ரோவை அனுமதிக்காதீர்கள் என்று அதில் தவறாமல் இருக்கும். நல்ல அறிவுரை. ஒரு துறை முடக்கு என்கிறது, இன்னொரு துறை இயக்கு என்கிறது. முடக்கினால் தண்டம் போடும் துறைக்கு ஆபீஸ் வேலூரில் இருக்கிறது. இயக்கினால் வருத்தப்படும் துறைக்கு வலைத்தளம் இருக்கிறது. ஆம்பூர்க்காரர் யார் பேச்சைக் கேட்பார்?

அதே செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் ஓர் ஆணை போட்டது. கணினியில் அசம்பாவிதம் நடந்தால் தெரிந்ததிலிருந்து 6 மணி நேரத்துக்குள் எங்களுக்குத் தெரிவிக்க வேண்டும், தவறினால் சிறை வரை போகலாம். அந்த 6 மணி நேரத்தைக் கற்பனை செய்கிறேன். முதல் இரண்டு மணி நேரம் முதலாளி கத்துவார். அடுத்த ஒரு மணி நேரம் கம்ப்யூட்டர் கடைப் பையன் போனை எடுக்க மாட்டான். அப்புறம் கரண்ட் போகும். மீதி நேரத்தில் அந்தப் பெண் அழுது முடித்து, முகம் கழுவி, படிவம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். நல்லவேளை, அந்தப் படிவத்தில் மேக்ரோ இல்லை.

இதற்கெல்லாம் மருந்து கிடையாதா என்றால், உண்டு. கையொப்பம். மேக்ரோவை எழுதியவர் அதில் மின்னணுக் கையொப்பம் இடலாம். கையொப்பம் உள்ள மேக்ரோவை மட்டும் ஓடவிடு, மற்றதைத் தடு என்ற அமைப்பு அதே டிரஸ்ட் சென்டரில் இருக்கிறது. தன் கோப்பில் துறை முறையாகக் கையொப்பமிட்டு, எங்கள் சான்றை மட்டும் நம்புங்கள் என்று சொல்லியிருந்தால், ‘எல்லா மேக்ரோவையும் இயக்கு’ என்று ஊரைக் கூட்டி உபதேசம் செய்ய வேண்டிய அவசியமே வந்திருக்காது.

மின்னணுக் கையொப்பம் என்றால் என்னவென்று தெரியாத அரசா இது? 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலேயே அதற்கு அத்தியாயம் உண்டு. யார் யார் சான்று கொடுக்கலாம் என்று கண்காணிக்க ஒரு கட்டுப்பாட்டாளர் அலுவலகம் உண்டு. கம்பெனி என்று பதிவு செய்துவிட்டால், ஜி.எஸ்.டி. ரிட்டர்னுக்கு மின்னணுக் கையொப்பம் கட்டாயம். காசு கொடுத்து யு.எஸ்.பி. டோக்கன் வாங்கி, இரண்டு மூன்று வருஷத்துக்கொரு தடவை புதுப்பித்து, அதைச் செருகித்தான் ரிட்டர்னை அனுப்ப வேண்டும். நீ யார் என்று நிரூபி என்று நம்மிடம் கேட்கிற இடம் அது. அவர்களிடம் அதே கேள்வியைக் கேட்டது ஒரே ஓர் ஆள்தான், அந்தச் சிவப்புப் பட்டை. அதன் வாயைத்தான் பொத்தச் சொல்கிறார்கள்.

(அந்த டோக்கன்களின் கதியும் சொல்லத்தக்கது. ஆடிட்டர் ஆபீஸ் மேஜை டிராயரைத் திறந்தால் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. உள்ளே நாற்பது ஐம்பது டோக்கன்கள். ஒவ்வொன்றிலும் ஸ்டிக்கர் ஒட்டி டைரக்டர் பெயரும் பின் நம்பரும். ஊரின் முதலாளிகள் அத்தனை பேரின் கையெழுத்தும் அந்த டப்பாவில் தூங்குகிறது.)

ஷூ ஃபேக்டரி கிளிக்கிங் டிபார்ட்மென்டில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தோலின் மேல் டையை வைத்து பிரஸ்ஸை இறக்கி வெட்டுகிற இடம் அது. பிரஸ் இறங்க இரண்டு பட்டன், இரண்டு கைக்கும் ஒவ்வொன்று. ஒரு கை கீழே மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக வைத்தது. ஆனால் இரண்டு கையும் பட்டனுக்குப் போனால் தோலை நகர்த்த ஏது கை? டார்கெட் ஏறாது. ஒரு பட்டனை டேப் ஒட்டி அமுக்கியே வைத்துவிட்டால் ஒரு கை மிச்சம். இப்படிக் கட்டிவைப்பது உலகம் முழுக்க நடக்கிற காரியம். அதைத் தடுப்பதற்கென்றே சர்வதேசத் தரநிலையில் தனியாக எழுதியிருக்கிறார்கள். விரல் போன அன்று நடக்கும் விசாரணையில் கேட்கப்படும் முதல் கேள்வி, டேப்பை ஒட்டியது யார். டார்கெட்டை எழுதியது யார் என்று கேட்பது எத்தனையாவது கேள்வி? நான் விசாரித்த வரையில் அதுவரை விசாரணை நீடிப்பதில்லை.

மேக்ரோவிலும் அதேதான். கணினி முடங்கிய மறுநாள் காலையில் அந்த அறையில் நடப்பது இந்த வட்டாரத்தில் யாருக்கும் தெரியாததல்ல. “யாரு கிளிக் பண்ணது?” எட்டாயிரமோ பத்தாயிரமோ சம்பளம் வாங்குகிற பி.காம். படித்த பெண், ஆங்கிலத்தில் வந்த எச்சரிக்கையை மீறியவள். எச்சரிக்கை என்பது எதற்காக? தெரிந்தேதான் அழுத்தினாய் என்று பிற்பாடு சொல்வதற்காக. மைக்ரோசாஃப்ட் எச்சரித்துவிட்டது, அதன் கை சுத்தம். துறை வழிகாட்டி மட்டும்தான் கொடுத்தது, அதன் கை சுத்தம். ஆடிட்டர் அப்போது ஊரில் இல்லை. பையன் சர்வீஸ் சார்ஜ் இருநூறு ரூபாய் வாங்கினான், பில் கொடுக்கவில்லை. மிஞ்சியது மவுஸைப் பிடித்த கை ஒன்று.

பழியை இப்படிக் கீழே தள்ளக் கூடாது என்று இந்த நாட்டுக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்த ஊர் எது தெரியுமா? இதே வேலூர்.

1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பாலாற்றில் தோல் கழிவு, கிணற்றில் தோல் கழிவு. தோல் பட்டறை வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுசாகவோ விவசாயத்துக்கு ஆகாமல் போயிற்று என்ற கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. 1996 ஆகஸ்ட் 28இல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு இரண்டு கோட்பாடுகளை இந்த நாட்டின் சட்டம் என்று அறிவித்தது. ஒன்று, முன்னெச்சரிக்கை. தீங்கு நேராது என்று நிரூபிக்கும் பொறுப்பு, செய்கிறவன் தலையில். இரண்டு, மாசுபடுத்தியவனே ஈடு கட்ட வேண்டும். சட்டக் கல்லூரிகளில் பாடம். ஐ.ஏ.எஸ். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் வேலூர் என்ற பெயரையே இந்தத் தீர்ப்பில்தான் முதலில் படிக்கிறார்கள். மனப்பாடம் செய்து, மார்க் வாங்கி, பதவிக்குப் போய், ஏதோ ஒரு துறையில் உட்கார்ந்து, கையொப்பமில்லாத நிரலை லட்சக்கணக்கான கணினிகளுக்கு அனுப்பும் ஃபைலில் பச்சை மையில் கையெழுத்திடுகிறார்கள். தீங்கு நேராது என்று நிரூபிக்க வேண்டியவர் யார்? ஆம்பூர்க் குமாஸ்தா.

பாலாற்றையும் எக்செல்லையும் ஒரே தட்டில் வைப்பதா என்று சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். ஆற்றின் சேதத்துக்கு முன்னால் கணினியின் சேதம் தூசு என்பது எனக்கும் தெரியும். ஆனால் கோட்பாடு ஆற்றுக்கே எப்படி வேலை செய்தது என்று பார்த்துவிட்டல்லவா கணினிக்குக் கேட்க வேண்டும்? தீர்ப்பு வந்தது, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, பலகைகள் வந்தன, மீட்டர்கள் வந்தன. 2015 ஜனவரி 31 விடியற்காலை ராணிப்பேட்டை சிட்கோவில் அப்படியொரு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்துத் தோல் ஷெட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் கழிவு பாய்ந்தது. 10 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தோலை இறக்கிய வெளிநாட்டுக் கடையில் அன்றைக்கு எந்தச் சிவப்புப் பட்டையும் வரவில்லை. 2025 ஜனவரி 30இல் அதே உச்ச நீதிமன்றம் அதே வட்டாரத்தைப் பற்றி அதே கோட்பாட்டை மறுபடி எடுத்துச் சொல்லி, பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடு கொடு, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு போடு என்று உத்தரவிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையில் 28 வருஷம். வீட்டு வாசலில் அப்பர் தைக்கும் பெண் அதற்குள் பாட்டியாகியிருப்பாள். படிவத்தில் அவள் இன்னமும் ‘தமிழ்நாடு’தான்.

ஆகவே ஒரு கோரிக்கை வைக்கிறேன், கோபத்தோடுதான் வைக்கிறேன். 1996 தீர்ப்பில் தோல் பட்டறை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் மாசு அபராதம் போட்டார்கள். அக்டோபர் 31க்குள் கலெக்டர் ஆபீஸில் கட்டச் சொன்னார்கள். தோல் முதலாளிகள் கட்டினார்கள், முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்கள். ‘எல்லா மேக்ரோவையும் இயக்கு’ என்று ஊருக்குச் சொல்லிக்கொடுத்த ஒவ்வொரு கோப்புக்கும் அதே 10,000. முப்பது வருஷ விலைவாசியெல்லாம் பார்க்க வேண்டாம், பழைய ரேட்டே போதும். வருமான வரித்துறையிலிருந்து ஓர் அதிகாரி வரட்டும், ஜி.எஸ்.டி. நெட்வொர்க்கிலிருந்து ஒருவர் வரட்டும். ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். கலெக்டர் ஆபீஸுக்கு பஸ் இருக்கிறது. கட்ட வரும்போது மின்னணுக் கையொப்ப டோக்கனை மறக்காமல் கொண்டுவர வேண்டும். கொண்டுவராவிட்டால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். ரசீதை மட்டும் கையாலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். எக்செல்லில் கொடுத்தால் அவர்கள் ஆபீஸ் கணினி திறக்காது, அங்கே பாதுகாப்பு நன்றாக இருக்கிறது.